நிதி கொடுக்கிற மையங்களை யார் பார்த்துக்கொள்வது? யூத ஃபெடரேஷன்களின் தன்னார்வக் குழு முறை நமக்கு ஒத்துவருமா?

வண்ணை_நூல்கண்டு:

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன டிரஸ்ட். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர்களும் தங்கசாலைப் பக்கத்து மொத்த வியாபாரிகளும் தருகிற பணம். வருஷத்துக்கு 36 லட்சம் சுமாருக்கு வெளியே போகிறது. டிரஸ்ட் நேரடியாக எதையும் நடத்துவதில்லை. ஆறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம்: வியாசர்பாடியில் இரண்டு மாலை டியூஷன் மையம், தண்டையார்பேட்டையில் முதியோருக்கான பகல் மையம், காசிமேட்டில் தையல் பயிற்சி, கொருக்குப்பேட்டையில் மதியச் சாப்பாடு, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வருகிறவர்களுக்கு ஒரு தங்குமிடம்.

மேற்பார்வை என்று இப்போது நடப்பது இவ்வளவுதான்: செயலாளர் வருஷத்துக்கு ஒரு தடவை போவார், டீ, சால்வை, குரூப் போட்டோ. மார்ச் கடைசியில் பணம் செலவான விதத்துக்கு ஒரு யூ.சி. (பயன்பாட்டுச் சான்று) பேப்பர் வரும், ஃபைலில் போடுவோம்.

நன்கொடையாளர் ஒருவர், அமெரிக்காவில் யூதர்களின் பொது நிதியில் சாதாரண ஆட்களைக் கொண்ட குழுதான் ஒவ்வொரு அமைப்பையும் அலசித் தொகையை முடிவு பண்ணுகிறது, நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்கிறார். எத்தனை பேர் வேண்டும்? எதைக் கேட்கணும், எதைக் கேட்கக் கூடாது? போய்ப் பார்த்தால் எதைப் பார்க்கணும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மண்ணடி_ஏடு:

அந்த யூதப் பொது நிதி அமைப்புக்குத்தான் ஃபெடரேஷன் என்று பெயர். அது பிறந்த காரணம் உங்கள் தெருவுக்கு நன்றாகவே புரியும். அனாதை இல்லம், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று ஆளுக்கொரு ரசீதுப் புத்தகத்தோடு அதே நாலு கடைக்காரர்களிடம் போய் நின்றுகொண்டிருந்தார்கள். ஊருக்கு ஒரே வசூல், பிறகு பங்கீடு என்று 1895-இல் பாஸ்டன் ஆரம்பித்தது. மறுவருஷம் சின்சினாட்டி, 1917-இல் நியூயார்க். இன்று வட அமெரிக்காவில் சுமார் 140 இருக்கின்றன. பணம் வாங்கும் அமைப்புகள் தங்கள் பங்குக்குச் சில கட்டுப்பாடுகளை ஒத்துக்கொள்ளும். பொது வசூல் நடக்கும் மாதங்களில் தனியாக வசூலுக்குக் கிளம்பக் கூடாது என்பது அதில் முக்கியமானது. நீங்கள் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது. இல்லையென்றால் ஒரே கடைக்காரர் உங்களுக்கும் கொடுத்து, நீங்கள் கொடுக்கும் மையத்துக்கும் கொடுத்து, கடைசியில் இரண்டு பேர் மீதும் கடுப்பாவார்.

அடுத்தது, பணம் வாங்கும் ஒவ்வொரு அமைப்பும் சட்டப்படி தனி. அதற்கு அதன் நிர்வாகக் குழு, அதன் ஆடிட்டர். பங்கீட்டுக் குழு அதற்கு முதலாளி கிடையாது. பாதிச் சண்டை இங்கேதான் முளைக்கும். "அந்த டீச்சரை மாத்துங்க" என்று உங்கள் குழு சொல்லக் கூடாது. "ஏழு மாசத்தில் மூணு டீச்சர் போயிட்டாங்களே, ஏன்?" என்று கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் அடுத்த வருஷத் தொகையில் காட்டலாம். அதற்கு மேல் கை நீட்டினால், நாளைக்கு அங்கே எது தப்பாகப் போனாலும் "நீங்க சொல்லித்தானே செஞ்சோம்" என்று உங்கள் தலையில் வந்து விழும்.

வேலை நடக்கும் விதம்: சம்பள ஊழியர்கள் ஒவ்வொரு அமைப்பின் பட்ஜெட், போன வருஷக் கணக்கு, சேவை எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு கட்டாகத் தயாரித்து முன்கூட்டியே அனுப்புவார்கள். தன்னார்வலர்கள் படிப்பார்கள், நேரில் போவார்கள், உட்கார்ந்து கேட்பார்கள், தொகையைப் பரிந்துரைப்பார்கள். முடிவு மேல் குழுவுக்கு. இதைக் காப்பியடிக்கிறவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது அந்தச் சம்பள ஊழியரைத்தான். மாசம் பத்து நாளாவது வேலை செய்யும் ஒரு ஆள் இல்லாமல் குழு மட்டும் போட்டால், மூணாவது கூட்டத்தில் யாரும் எதையும் படித்திருக்க மாட்டார்கள், வெறும் கையெழுத்துக் குழுவாகிவிடும்.

எத்தனை பேர் என்பதற்கு அவர்களுடைய பழைய சட்டத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. ஊர்த் தருமப் பெட்டியை வசூலிக்க இரண்டு பேர், பங்கிட மூன்று பேர் என்று மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பங்கிட ஏன் மூணு என்றால், யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது பண வழக்கில் தீர்ப்புச் சொல்வது போல, அதற்கு நீதிமன்றத்துக்கு உள்ள எண்ணிக்கை வேண்டும் என்று அதற்கு உரையாக வந்த தல்மூத் விளக்கம் தருகிறது. வசூலிக்கும் இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் பிரிந்து போகக் கூடாது, பெட்டிச் சில்லறையைத் தன் சொந்தக் காசோடு மாற்றக் கூடாது, எண்ணும்போது இரண்டிரண்டாகத் தள்ளாமல் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று சின்னச் சின்ன விதிகளும் அங்கே உண்டு. உண்டியல் எண்ணும்போது ஊரே பார்க்க உட்கார்ந்து எண்ணுகிறோமே, அதே அறிவு.

உங்கள் ஆறுக்கு: ஒன்பது பேர், மூணு மூணாகப் பிரித்து ஒவ்வொரு மூவருக்கும் இரண்டு அமைப்பு. பதவிக்காலம் மூணு வருஷம், வருஷத்துக்கு மூணு பேர் மாற வேண்டும். ஒரே மூவர் ஒரே மையத்தை இரண்டு வருஷத்துக்கு மேல் பார்க்கக் கூடாது, சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார்கள். வசூலில் முன்னால் நிற்கிறவர் பங்கீட்டில் உட்காராமல் இருந்தால் ரொம்ப நல்லது.

ஒரு எச்சரிக்கை. இத்தனை ஏற்பாடும் இருந்து கவிழ்ந்தவையும் உண்டு. நியூயார்க் ஃபெடரேஷன் குடும்பத்தில் 1934 முதல் இருந்த பெரிய சமூக சேவை அமைப்பு ஃபெக்ஸ் (FEGS). 2015 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்து, மார்ச்சில் திவால் மனு போட்டது. முந்தைய நிதியாண்டில் 19.4 மில்லியன் டாலர் பற்றாக்குறை. அதன் வருமானத்தில் பெரும்பங்கு அரசு ஒப்பந்தங்கள், பல ஒப்பந்தங்களில் கிடைத்த தொகை ஆகும் செலவுக்கே போதவில்லை. ஆகவே "நம்ம பணம் சரியாச் செலவாச்சா" என்று மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் 6 லட்சத்துக்குப் பைசா சுத்தமாக ரசீது இருக்கும், மிச்ச 40 லட்சத்தில் மையம் மூழ்கிக்கொண்டிருக்கும். முழு அமைப்பின் கணக்கையும் கேளுங்கள்.

---

பேரேடு:

ஏடு சார் சொன்ன கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முழுக் கணக்கு கேட்டால் முப்பது பக்கம் வரும், குழுவில் பாதிப் பேர் பயந்துவிடுவார்கள். நாலு இடம் பார்த்தால் போதும்.

முதலில் கையிருப்பு. மார்ச் 31-இல் பேங்கில் இருந்த, எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்படாத பணத்தை ஒரு மாசச் செலவால் வகுங்கள். மூணுக்குக் கீழே வந்தால் கேள்வி கேளுங்கள், ஒன்றுக்குக் கீழே வந்தால் உடனே கூப்பிட்டுப் பேசுங்கள். இரண்டாவது, ஒரு திட்டத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறொன்றுக்குத் திருப்பியிருக்கிறார்களா என்பது. பேலன்ஸ் ஷீட்டில் செலவாகாத திட்ட நிதி 8 லட்சம் என்று போட்டு, பேங்கில் 2 லட்சம்தான் இருந்தால், மிச்சம் 6 வேறு செலவுக்கு, பெரும்பாலும் சம்பளத்துக்கு, போயிருக்கிறது என்று அர்த்தம். சின்ன அமைப்புகள் சாய்வது பெரும்பாலும் திருட்டால் இல்லை, இதனால்தான். மூணாவது, ஆடிட்டர் எழுதிய குறிப்புகள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். நாலாவது, ஊழியர் பட்டியலைச் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்டோடு பெயருக்குப் பெயர் ஒத்துப்பார்ப்பது. பத்து பேராவது இருந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேராவது இருந்தால் பி.எஃப். சலான் இருக்கும். பட்டியலில் 22, சலானில் 15 என்றால் இல்லாத ஏழு பேர் சம்பளம் வாங்குகிறார்கள், அல்லது இருக்கிற ஏழு பேருக்குப் பி.எஃப். கட்டவில்லை. எப்படியானாலும் விளக்கம் கேட்க வேண்டியதுதான்.

பில்லும் வவுச்சரும் சரியாக இருப்பதால் மட்டும் நிம்மதியடைய வேண்டாம். ஏழைகளுக்கான உதவி அமைப்பு ஒன்றில் 2013-இல் நியூயார்க்கில் வெளிப்பட்ட விவகாரத்தில், இன்சூரன்ஸ் பிரீமியத்தை ஏற்றிப் பில் போட்டு, கூடுதல் தொகை பல வருஷம் கைமாறியிருந்தது. பில் இருந்தது, செக்கில் பணம் போயிருந்தது, எல்லாம் ஒழுங்கு. விலை மட்டும் பொய். அதனால் வருஷத்துக்கு 50,000-க்கு மேல் போகும் எந்தப் பொருளுக்கும் மூணு கொட்டேஷன் கேளுங்கள், அதில் ஒரு கடைக்கு நீங்களே போன் போட்டு விலை விசாரியுங்கள். ஒரே கையெழுத்தில் மூணு கொட்டேஷன் வருவது நம் ஊரில் புதுசில்லை.

வரிப் பக்கம் உங்கள் டிரஸ்ட் கவனிக்க வேண்டியது. பதிவு பெற்ற ஒரு டிரஸ்ட் இன்னொரு பதிவு பெற்ற டிரஸ்டுக்குக் கொடுத்தால், 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு கொடுத்ததில் 85 சதவீதம்தான் தருமச் செலவாகக் கணக்கில் வரும். 36 லட்சம் கொடுத்தால் 30.6 லட்சம். இப்படிக் கொடுப்பதே உங்கள் வேலை என்பதால் நேராக இடிக்கும், ஆடிட்டரோடு உட்கார்ந்து திட்டம் போடுங்கள். மூலதன நிதியாக (கார்பஸ், அதாவது முதலாகவே வைத்துக்கொள்ளும் பணமாக) கொடுத்தால் அதுவும் கணக்கில் வராது. ஒரு நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவும் கணக்கில் வராது. 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பழகிய பிரிவு எண்களை ஒப்பந்தக் கடிதத்தில் அப்படியே போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் இன்னும் கறார். அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவே கூடாது என்று எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தம் சொல்கிறது, வாங்குகிறவர் அந்தச் சட்டப்படி பதிவு வைத்திருந்தாலும் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கும் மச்சான் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மச்சான் அனுப்பினால் வெளிநாட்டு நிதி. ரசீது போடும்போதே கேட்டுவிட வேண்டும்.

பணத்தை ஒரே தடவையில் விடாதீர்கள். ஏப்ரலில் 40, அக்டோபரில் 40, ஜனவரியில் 20 சதவீதம். அரையாண்டுக் கணக்கு வந்தால்தான் அடுத்த தவணை. ஆனால் கணக்கு வந்து 15 நாளில் நீங்களும் விட்டுவிட வேண்டும். தவணை தாமதமானதால் சம்பளம் நின்றால் அந்தப் பழி உங்களுக்கு.

இன்னொன்று, பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவு தருகிறோம் என்ற முறை வேண்டவே வேண்டாம். சிக்கனமாக நடத்தியவருக்குக் குறைவு, ஊதாரிக்கு அதிகம் என்று ஆகிவிடும்.

---

கல்மண்டபம்_அக்கா:

கணக்கு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, நான் நேர்ல பாக்கறதைச் சொல்றேன்.

முதல்ல எப்பப் போறதுன்னு. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரைக்கும் வியாசர்பாடிக்குத் தேதி குறிக்காதீங்க, மழை வந்தா சுரங்கப்பாலம் மூடிடும், நீங்களும் போகமாட்டீங்க, புள்ளைங்களும் வராது. காசிமேட்டுத் தையல் மையத்தை ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் பாத்து முடிவுக்கு வராதீங்க. அது மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வருமானம் நின்னுடும், சிலர் வேற வேலைக்குப் போவாங்க, சிலர் சும்மா இருக்காங்கன்னு மையத்துக்கு வருவாங்க, எண்ணிக்கை எப்படி வேணா ஆடும். மத்த மாசத்துல காலையில போனா ஏலத்துக்கும் வியாபாரத்துக்கும் போயிருப்பாங்க, மூணு மணிக்கு மேல போங்க. டியூஷன் மையத்தைச் சாயங்காலம் ஆறரைக்குப் பாருங்க. அஞ்சு மணிக்குப் போய் காலி பெஞ்சைப் பாத்து ரிப்போர்ட் எழுதறது அநியாயம்.

போனதும் ஆபீஸ் ரூம்ல உக்காராதீங்க. டீ கடைசியில குடிக்கலாம்.

டியூஷன்ல வருகைப் பதிவேட்டை வாங்கி மூணு மாசத்தைப் புரட்டுங்க. தினமும் போட்ட குறியா இருந்தா பேனா மாறும், அழுத்தம் மாறும், ஒரு பக்கத்துல எண்ணெய்க் கறை இருக்கும். ஒரே நீல மையில, ஒரே சாய்வுல முப்பது நாளும் ஓடுனா ஒரே உக்கார்ல போட்டது. மழைக்கு லீவு விட்ட நாள்ல வருகை போட்டிருக்கான்னு பாருங்க, நிறைய பேர் அங்கதான் மாட்டுவாங்க. அப்புறம் அஞ்சு பேரைக் குத்துமதிப்பாத் தொட்டு, இந்தப் புள்ள எந்த ஸ்கூல், எதுல வீக்குன்னு டீச்சரைக் கேளுங்க. நல்ல டீச்சர் பதிவேட்டைப் பாக்காமலே சொல்லும். நோட்டு நாலைத் திறந்து கடைசியா எழுதின தேதியையும் பாருங்க.

தையல்ல மிஷினை எண்ணாதீங்க, எண்ணிக்கை எப்பவும் சரியா இருக்கும். பாபின் கேஸைக் கழட்டிப் பாருங்க. ஓடற மிஷின்ல பஞ்சுத் துகள் ஈரமா எண்ணெயோட ஒட்டியிருக்கும். ஓடாததுல காஞ்ச தூசி. உடைஞ்ச ஊசி போடற டப்பா இருக்கான்னு பாருங்க, கத்துக்கறவங்க ஊசி உடைப்பாங்க. பவர் மிஷின்னா ரெண்டு மாச கரண்ட் பில்லுல யூனிட் ஏறியிருக்கணும்.

சாப்பாட்டுக்குப் பள்ளிக்கணக்கு போதும். 60 பேருக்கு ஆளுக்கு 110 கிராம் பச்சையா அரிசி வெச்சா வேளைக்கு 6.6 கிலோ, 26 நாளைக்கு 172 கிலோ கிட்ட, 25 கிலோ மூட்டை ஏழு. பில்லுல பன்னிரண்டு மூட்டைன்னாலும் கேளுங்க, நாலு மூட்டைன்னாலும் கேளுங்க. நாலுன்னா அரிசி யாராவது தனியா தர்றாங்க, இல்ல 60 பேர் சாப்பிடல. அடுப்புப் பக்கம் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் நிக்கணும். வீட்டு சிலிண்டர் நின்னா அது சட்டப்படி தப்பு, விபத்துன்னு வந்தா இன்சூரன்சும் தகராறு பண்ணும்.

முதியோர் மையத்துல பி.பி. நோட்டைப் பாருங்க. எல்லாருக்கும் தினமும் 120/80-ன்னா மிஷினுக்கு பேட்டரியே இல்லன்னு அர்த்தம். பாத்ரூம்ல கைப்பிடி இருக்கா, தரை காஞ்சிருக்கா. வாசல்ல செருப்பை எண்ணிக்கிட்டு உள்ள போங்க.

புள்ளைங்க இருக்கற இடத்துல உங்க ஆள் யாரும் தனியா ஒரு புள்ளையோட ரூம்ல இருக்கக் கூடாது, முகம் தெரியற போட்டோ எடுக்கக் கூடாது. ஏதாவது தப்பு நடந்திருக்குன்னு தெரிஞ்சா, குழு கூடிப் பேசி முடிவெடுக்கற விஷயமில்ல அது. புள்ளைங்க மேல நடக்கற பாலியல் குற்றம்னா போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி உடனே போலீசுக்குச் சொல்லணும், மறைச்சா சொல்லாதவங்க மேலயும் கேஸ்.

பாத்ததை அன்னைக்கே எழுதுங்க, ஒரு பக்கம். பாத்தது தனி, நீங்க நினைச்சது தனி. எழுதினதை மையத்துக்கும் ஒரு காப்பி குடுத்து பத்து நாள் டைம் குடுங்க, அவங்க பதிலையும் சேர்த்துத்தான் குழுவுக்குப் போகணும்.

---

வண்ணை_நூல்கண்டு:

அக்கா, சார், ரொம்ப நன்றி. இதைப் பிரிண்ட் எடுத்தே கூட்டத்தில் வைக்கப் போகிறேன். இரண்டு விஷயம் மட்டும். சொல்லாமல் போய் நிற்கலாமா? இன்னொன்று, குழுவுக்கு வர ஒத்துக்கொண்ட ஒருவரின் மைத்துனர் டியூஷன் மையத்தின் பொருளாளர். இன்னொருவர் கடையிலிருந்துதான் தையல் மையம் துணி வாங்குகிறது. இவர்களை விட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம்.

---

சூளை_செங்கல்:

இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் மேலே எழுதியவர்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன்.

நீங்கள் சராசரியாக ஒரு மையத்துக்கு 6 லட்சம் தருகிறீர்கள். அங்கே எழுதப்படிக்கத் தோதான ஆள் ஒருவர்தான் இருப்பார், அவரே வகுப்பும் எடுப்பார். முழுக் கணக்கு, மூணு கொட்டேஷன், அரையாண்டு அறிக்கை, நேரில் வருகை என்று ஆறு நன்கொடையாளரும் ஆறு ஃபார்மில் கேட்டால் வருஷத்தில் ஒரு மாசம் அதற்கே போய்விடும். அதனால் தொகைக்குத் தக்கபடி கேளுங்கள். 3 லட்சத்துக்குக் கீழே வாங்குகிற மையத்துக்கு ஒரு வருகை, ஆடிட் செய்த கணக்கு, ஒரு பக்கக் கடிதம் போதும். அதற்கு மேலே முழுச் சோதனை. அவர்கள் வேறொருவருக்குத் தயாரித்த அறிக்கை இருந்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் ஃபார்மில் திரும்ப எழுதச் சொல்லாதீர்கள். நீங்கள் கேட்ட எந்தக் கட்டத்தையாவது போன வருஷம் குழுவில் ஒருவரும் பார்க்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தை அடித்துவிடுங்கள்.

சொல்லாமல் போவது ரெய்டு மாதிரி ஆகிவிடும், அதன்பிறகு உண்மையான கஷ்டத்தை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஒப்பந்தக் கடிதத்திலேயே ஒரு வரி போடுங்கள்: மையம் இயங்கும் நேரத்தில், முந்தின நாள் மாலைக்குள் போனில் சொல்லிவிட்டு, குழுவில் இருவர் வரலாம். ஒரு ராத்திரியில் பெஞ்சைத் துடைக்கலாம், மூணு மாசப் பதிவேட்டை எழுத முடியாது. எழுதினாலும் அக்கா சொன்ன அந்த ஒரே நீல மை காட்டிக்கொடுத்துவிடும்.

மைத்துனர் விஷயம். ஃபெடரேஷன்களிலும் இது தீராத தலைவலிதான், ஊர் சின்னது, அக்கறையுள்ள ஆட்கள் அதே பத்துப் பேர். ஆளை விலக்க வேண்டியதில்லை, அந்த மையத்திலிருந்து விலக்கினால் போதும். குழுவில் சேரும்போதும் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்த அமைப்பில் நானோ என் நெருங்கிய உறவினரோ பொறுப்பில், வேலையில், வியாபாரத்தில் இருக்கிறோம் என்று. டியூஷன் மையத்தின் பேச்சு வரும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும். உள்ளே உட்கார்ந்து ஓட்டுப் போடாமல் இருப்பது போதாது, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் தொகையைக் குறைப்பார்கள்? எழுந்து போன நேரம், திரும்பி வந்த நேரம் இரண்டும் மினிட்ஸில் இருக்கட்டும். அந்த மையம் வேறு மூவருக்குப் போகட்டும்.

துணிக்கடைக்காரர் விஷயம் இன்னும் கவனம். அவர் டிரஸ்டியாகவோ பெரிய நன்கொடையாளராகவோ இருந்து, உங்கள் பணம் மையம் வழியாகச் சுற்றி அவர் கடைக்கே வந்தால், வரித்துறை கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும், விலக்குக்கே ஆபத்து வரலாம். ஒன்று, மையம் வேறு கடையில் வாங்கட்டும். இல்லையென்றால் அவர் துணியை இனாமாகக் கொடுத்துவிட்டு ஸ்டாக் ரிஜிஸ்டரில் மீட்டர் கணக்கோடு ஏற்றட்டும். "சலுகை விலைக்குத்தானே தர்றேன்" என்பார். சலுகைதானா என்று பார்க்க எம்.சி. ரோட்டில் பத்தடி நடந்தால் போதும், பேரேடு சொன்ன மாதிரி இன்னும் இரண்டு கடையில் அதே துணிக்கு விலை கேட்டு எழுதி ஃபைலில் வையுங்கள்.

---

வண்ணை_நூல்கண்டு:

துணிக்கடைக்காரர் பெரிய நன்கொடையாளர்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் அவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன், எல்லார் முன்னாலும் எடுத்தால் சங்கடம். உறவு விவரத் தாளின் முதல் பிரதியில் என் கையெழுத்தையே போட்டு எடுத்துப்போகிறேன், எனக்கும் கொருக்குப்பேட்டையில் ஒரு சித்தப்பா இருக்கிறார்.